சிப்காட் நோட்டீஸ வாங்கலாமா, திருப்பி அனுப்பணுமா?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு கிராமம் ஐயா. சிப்காட் விரிவாக்கத்துக்கு எங்க ஏரிப்பாசன நிலத்த எடுக்கப்போறதா 3(2) நோட்டீஸ் குடுக்குறாங்க. யாரும் வாங்கக்கூடாதுன்னு ஊர்ல முடிவு பண்ணியிருக்கோம், கிராம சபை தீர்மானமும் போட்டாச்சு. பட்டா இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கு, அவர் காலமாகி ரொம்ப நாளாச்சு. 80 சதவீதம் பேர் சம்மதம் இல்லாம எடுக்க முடியாதுங்குறாங்களே, அது போதுமா?

பதில்: தம்பி, கடைசி கேள்விய முதல்ல எடுத்துக்குறேன், ஏன்னா அதுலதான் நிறைய ஊரு ஏமாந்து போகுது. 80 சதவீத சம்மதம், சமூக தாக்க மதிப்பீடு, பல போகம் விளையுற பாசன நிலத்த வேற வழியே இல்லன்னாதான் தொடணும்ங்குறது, இதெல்லாம் 2013 மத்திய சட்டத்துல இருக்கு, நெஜம்தான். அதுலயும் 80ங்குறது தனியார் கம்பெனிக்கு எடுக்கும்போது மட்டும்தான். ஆனா உங்களுக்கு வந்த 3(2) நோட்டீஸ், அதாவது நிலத்த எடுக்குறதுல ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு கேக்குற நோட்டீஸ், அந்த சட்டத்து நோட்டீஸே இல்ல. அது 1997ம் வருஷத்து தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்பு சட்டம். மத்திய சட்டம் வந்ததும் மாநில அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்து இந்த சட்டத்த அதுல இருந்து தனியா பிரிச்சு வச்சுக்கிச்சு, 2019 ஜூலைல ஐகோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிச்சு, அதே வருஷம் சட்டசபைல புதுசா ஒரு சட்டம் போட்டு ஜனாதிபதி ஒப்புதலும் வாங்கி மறுபடி உயிர் குடுத்தாங்க, 2021 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. அதனால சமூக தாக்கம், சம்மதம்னு மட்டும் எழுதி மனு குடுத்தா "பொருந்தாது"ன்னு ஒரே வரில முடிச்சுடுவாங்க. 2013 சட்டத்துல இருந்து இங்க ஒட்டுறது இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும்தான்.

இன்னொரு விஷயம், இத ஊர்ல எல்லாருக்கும் சத்தமா சொல்லுங்க. மத்திய சட்டத்துல தீர்வம், அதாவது இழப்பீட்டு உத்தரவு போட்டு, பணம் குடுத்து அப்புறம்தான் நிலம் கைமாறும். இந்த 1997 சட்டத்துல அப்படி இல்ல, 3(1) அறிவிப்பு அரசிதழ்ல வந்த நிமிஷமே நிலம் அரசுக்கு சேர்ந்துடும், பணம் எப்ப வந்தாலும் சரி. அதனால 3(2)க்கும் 3(1)க்கும் நடுவுல இருக்குற காலம்தான் உங்க காலம். அதுக்கப்புறம் ஐகோர்ட்ல ரிட் போடலாம், ஆனா அங்க ஜட்ஜ் முதல்ல கேக்குறதே "3(2)ல நீங்க என்ன ஆட்சேபணை குடுத்தீங்க, அத எப்படி பரிசீலிச்சாங்க"ன்னுதான். வெறுங்கையோட போய் நின்னா வக்கீல் என்னத்த வாதாடுவார்?

அதனால நோட்டீஸ வாங்குங்க. ஊர் முடிவுக்கு எதிரா பேசுறேன்னு கோவப்படாதீங்க, நில எடுப்பு பிரிவுல வேலை பாத்து ரிடையர் ஆனவன் சொல்றேன், நீங்க வாங்கலன்னா கதவுலயோ நிலத்துலயோ ஒட்டி ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கி "சார்வு செய்யப்பட்டது", அதாவது உங்ககிட்ட சேர்த்தாச்சுன்னு எழுதிட்டு போயிட்டே இருப்பாங்க. நோட்டீஸ் வாங்குறது சம்மதம் ஆகாது. "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்"னு எழுதி தேதி போட்டு கையெழுத்து போடுங்க, அதையே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அடுத்து மனு. ஊர் மொத்தமா ஒரே மனுல 300 கையெழுத்து போட்டு கலெக்டர்கிட்ட குடுக்குறது பேப்பர்ல போட்டோ வர்றதுக்கு நல்லாருக்கும், ஆனா சட்டம் ஒவ்வொரு உரிமையாளரா கூப்பிட்டுதான் காரணம் கேக்குது. அதனால சர்வே நம்பர் வாரியா தனித்தனி மனு குடுங்க. எல்லாரும் ஒரே ஜெராக்ஸ்ல பேர மட்டும் மாத்தி குடுத்தா ஒரே பதில்தான் வரும். உங்க நிலத்துல எத்தன போகம், எந்த ஏரி ஆயக்கட்டு (பாசனப் பரப்பு), கிணறு, போர், கரண்ட் சர்வீஸ் நம்பர், தென்னை மாமரம் எத்தன, வீட்டுல எத்தன பேர் இத நம்பி இருக்காங்க, மாடு எத்தன, சொசைட்டி பயிர்க்கடன் ரசீதுன்னு உள்ளத எழுதுங்க. பக்கத்துல புறம்போக்கு தரிசோ, முந்தின கட்டத்துல எடுத்து சும்மா கிடக்குற சிப்காட் பிளாட்டோ இருந்தா சர்வே நம்பரோட குறிப்பிடுங்க. ஆர்டிஐல 10 ரூபா கட்டி நிர்வாக ஒப்புதல் அரசாணை, மாற்று இடம் பாத்த கோப்பு, தண்ணி எங்கருந்து வரும்ங்குற விவரம் கேளுங்க. பதிலுக்கு 30 நாள் ஆகும், அது வர்றவரைக்கும் மனுவ நிறுத்தி வைக்காதீங்க.

அடங்கல், அதாவது எந்த நிலத்துல என்ன பயிர்னு விஏஓ எழுதுற பதிவேடு, அது பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன். நெல்லு கதிர் தள்ளி நிக்குற நிலத்துக்கு அடங்கல்ல தரிசுன்னு இருக்குறத நான் நெறைய பாத்திருக்கேன், விஏஓ வயலுக்கு வராமலே போன பசலில (வருவாய்த்துறை கணக்கு வருஷம்) இருந்தத அப்படியே காப்பி எடுத்திருப்பார். அந்த ஒரு வார்த்தைய வச்சுதான் "பெரும்பாலும் தரிசு நிலம்"ங்குற அறிக்கையே மேல போகுது. அதனால கடைசி 3, 4 பசலி அடங்கல் நகல் வாங்கி பாருங்க, தப்பா இருந்தா திருத்தச் சொல்லி தாசில்தாருக்கு எழுதுங்க. பயிர் இன்சூரன்ஸ் ரசீது, நெல் கொள்முதல் நிலைய பில்லு எல்லாம் இங்கதான் உதவும்.

பட்டா தாத்தா பேர்ல இருந்தா நோட்டீஸும் தாத்தா பேருக்குதான் வரும். வாரிசு சான்று வாங்கி பட்டா மாறுதலுக்கு மனு போட்டு அந்த ஒப்புகைய ஆட்சேபணையோட சேத்து வைங்க, மாறுதல் முடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க. அத்தை, சித்தப்பா எல்லாரும் வாரிசுன்னா எல்லாருமே தனித்தனியா குடுக்கணும். இல்லன்னா ஊர்ல இல்லாத ஒருத்தர புடிச்சு பேசி முடிச்சுட்டு குடும்பமே சம்மதிச்ச மாதிரி காட்டுவாங்க. குத்தகைக்கு உழுறவங்களுக்கும் ஆட்சேபிக்க உரிமை உண்டு.

கிராம சபை தீர்மானம் இந்த சட்டத்துல எடுப்ப நிறுத்தாது. பரந்தூர் ஏர்போர்ட்டுக்கு எதிரா ஏகனாபுரம் கிராமம் எத்தன தடவ தீர்மானம் போட்டுச்சு, நோட்டீஸ் வரத்தான செஞ்சுது. ஆனாலும் போடுங்க, தீர்மான நகல ஒவ்வொரு மனுவோடயும் இணைங்க. டெல்டாவுக்கு 2020ல போட்ட வேளாண் மண்டல சட்டத்த சிலபேர் இழுப்பாங்க, அதுல உங்க மாவட்டம் கிடையாது.

சுற்றுச்சூழல் அனுமதிதான் ரெண்டாவது கதவு. பெரிய தொழிற்பேட்டைக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி பொதுவா மக்கள் கருத்துக்கேட்பு நடத்தணும், அதுக்கு குறஞ்சது 30 நாள் முன்னாடி பேப்பர்ல விளம்பரம் வரணும், தமிழ்ல சுருக்க அறிக்கை கிடைக்கணும். அனுமதி குடுத்துட்டா தேசிய பசுமை தீர்ப்பாயத்துல அப்பீலுக்கு 30 நாள், தகுந்த காரணம் இருந்தா மேல 60 நாள், அதுக்கு மேல கிடையாது.

போராட்டம் வேண்டாம்னு சொல்லல. கோவை பக்கம் அன்னூர்ல 2022ல தொழிற்பேட்டைக்கு எதிரா போராடினதுக்கப்புறம்தான் விவசாயிங்க நிலத்த தொடமாட்டோம், கம்பெனி வச்சிருக்குற நிலத்த மட்டும்தான் எடுப்போம்னு இறங்கி வந்தாங்க. கர்நாடகால தேவனஹள்ளி பக்கம் 1,777 ஏக்கர் எடுக்குறத எதிர்த்து 3 வருஷத்துக்கு மேல போராட்டத்துல உக்காந்தாங்க, 2025 ஜூலைல முதலமைச்சரே கைவிடுறோம்னு அறிவிச்சார். ஆனா உங்க மாவட்டத்துலயே மேல்மா கதை தெரியும்ல, 2023 நவம்பர்ல சிப்காட்ட எதிர்த்துப் போராடின 7 பேர் மேல குண்டர் சட்டம் பாஞ்சுது, எதிர்ப்பு கிளம்பவும் 6 பேர் மேல போட்டத வாபஸ் வாங்கினாங்க. அதனால ஊர்வலம்னா எழுத்துல அனுமதி கேளுங்க, ரோடு மறியல்ல சின்னப் பசங்கள முன்னாடி விடாதீங்க, மனு கட்டு மொத்தத்தையும் உள்ள போக வாய்ப்பில்லாத ஒருத்தர்கிட்ட குடுத்து வைங்க.

விலை பேச கூப்பிட்டா வருகைப் பதிவுல கூட "ஆட்சேபிக்கிறேன்"னு எழுதிட்டுதான் கையெழுத்து, வெத்து பேப்பர்ல வேண்டவே வேண்டாம். ஊர்ல சிலர் குடுக்கத் தயாரா இருப்பாங்க, கடன் இருக்கும், பொண்ணு கல்யாணம் இருக்கும், அவங்கள துரோகின்னு சொல்லி ஒதுக்கினா நாளைக்கே அவங்கதான் முதல் கையெழுத்து. அவங்களும் சும்மா குடுக்க வேண்டியதில்ல. வழிகாட்டி மதிப்பு, இல்லன்னா கடைசி 3 வருஷ கிரயத்துல அதிக விலைக்குப் போன பாதி பத்திரத்தோட சராசரி, ரெண்டுல எது கூடவோ அதான் அடிப்படை, அதுக்கு மேல கிராமப்புறத்துக்கு இத்தன மடங்குன்னு பெருக்குறது, 100 சதவீத ஆறுதல் தொகை எல்லாம் சேரணும்.

நோட்டீஸ்ல ஆட்சேபணைக்கு கடைசி தேதி போட்டிருப்பாங்க, அத நீங்க எழுதல. இன்னிக்கே பாருங்க. நாள் இருந்தா தனி தாசில்தார் ஆபீஸ்ல நேர்ல குடுத்து நகல்ல சீல் வாங்குங்க, சீல் போட மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல ஒப்புகையோட அனுப்புங்க. தேதி தாண்டியிருந்தாலும் தாமதத்துக்கு காரணம் எழுதி அனுப்பிட்டு விசாரணை நாள்ல நேர்ல போங்க, அங்க நீங்க சொன்னத எழுதினாங்களான்னு படிச்சுப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.