சின்ன ஸ்டார்ட்அப்கள் ஏஐ மாடல்களின் போக்கை மாற்ற முடியுமா?

கோடி கோடியாகக் கொட்டும் கம்பனிகளுக்கு நடுவில் நம்மைப் போன்ற சின்ன ஸ்டார்ட்அப்புக்கு என்ன பங்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மாடலை அடியிலிருந்து கட்டும் வேலையில் ஒரு பங்கும் இல்லை. அதற்கு வேண்டிய ஜிபியு என்ற கணிப்புச் சில்லுகளின் செலவு நம் கணக்குக்குள் வராது. ஆனால் மாடல் எங்கே சறுக்குகிறது என்பது நமக்குத்தான் தெரியும். பெரியவர்களுக்குக் காசு கொடுத்தாலும் அது லேசில் கிடைக்காது.

நான் இலங்கையின் ஹட்டனில் ஒரு சின்ன அணியில் இருக்கிறேன். தோட்டத் தொழிலாளர்கள் சம்பளச் சீட்டு, ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) பற்றி வாயால் கேட்டால் பதில் சொல்லும் செயலி எங்களுடையது. "என் ஈபிஎப் காசை எப்போ எடுக்கலாம்?" என்று தமிழில் கேட்டால் மாடல் பல தடவை இந்தியச் சட்டத்தை ஒப்பிக்கும். தொழிலாளி, முதலாளி இரண்டு பக்கமும் 12 சதவீதம் கட்ட வேண்டும், யுஏஎன் என்ற இந்திய ஈபிஎப் எண்ணைப் போடுங்கள் என்று. இங்கே தொழிலாளி 8, தோட்டம் 12. பெண்கள் 50 வயதில் எடுக்கலாம், ஆண்கள் 55இல். யுஏஎன் என்ற ஒன்றே கிடையாது. கிராம சேவகரிடம் போக வேண்டிய ஆளை, தமிழ்நாட்டில் இருக்கிற விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) அனுப்பிவைக்கும். அதுவும் பிசகில்லாத தமிழில், அவ்வளவு நம்பிக்கையாக. கேட்கிற அக்கா நம்பாமல் என்ன செய்வார்?

"உங்கள் மாடல் சரியில்லை" என்று மின்னஞ்சல் போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கேள்வி, மாடல் சொன்னது, சரியான பதில், எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று சில நூறு வரிசை தொகுத்துக் கொடுங்கள். அடுத்த பதிப்பை வெளியே விடுமுன் சோதித்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு பரீட்சைத் தாள் கிடைத்துவிடும். முழுத் தாளையும் இணையத்தில் போட்டுவிடாதீர்கள். அடுத்த மாடல் அதையே படித்துவிட்டு வந்து நூற்றுக்கு நூறு வாங்கும். பாதியையாவது கையில் வைத்திருங்கள்.

நடந்த உதாரணம் ஐஸ்லாந்து. 2023இல் ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4 மாடல் வந்தபோது, அங்குள்ள மிதேய்ன்ட் என்ற சின்ன நிறுவனம் ஓபன்ஏஐயோடு சேர்ந்து, 40 தொண்டர்களை வைத்து அந்த மாடலின் ஐஸ்லாந்துமொழிப் பதில்களை மதிப்பிட்டுத் திருத்திக் கொடுத்தது. அந்த நாட்டின் சனத்தொகையே 4 லட்சத்துக்குள்தான். இங்கே 2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள், அதாவது மலையகத் தமிழர், மட்டும் 8 லட்சத்துக்கு மேல். ஐஸ்லாந்துக்காரர்களுக்குப் பின்னால் அவர்கள் அரசாங்கம் நின்றது, நமக்கு அது வாய்க்குமா என்பது வேறு பேச்சு.

டோக்கன் செலவையும் கணக்குப் போட்டு அனுப்புங்கள். டோக்கன் என்றால் மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு, அதை எண்ணித்தான் கட்டணம். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய தமிழ் மாதிரி 116 டோக்கனிலிருந்து 35க்கு இறங்கியிருந்தது. அவர்கள் மனம் வைத்தால் மாறுகிற விஷயம்தான் அது.

குரல் பதிவில் மட்டும் நான் கறார். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) கொழுந்து நிறுக்கிற இரைச்சலுக்குள் நம் பெண்கள் பேசுகிற பேச்சு பெரிய கம்பனிகளிடம் கிடையாது. அதற்காகத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், வேலையை மேற்பார்க்கும் கங்காணி பக்கத்தில் நிற்கும்போது வாங்குகிற சம்மதம் ஒரு சம்மதமா? வேலை முடிந்து லயத்துக்கு (தோட்ட வரிசை வீடு) வந்த பிறகு, தனியாகத்தான் கேட்கிறோம். யாரிடம் போகும், எதற்கு என்று சொல்கிறோம். மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடுகிறோம். பரீட்சைத் தாளுக்குக் குரல் தேவையும் இல்லை.

பணம் வருமா என்றால், எங்களுக்கு இதுவரை கிடைத்தது கொஞ்சம் இலவச ஏபிஐ கிரெடிட், அதாவது மாடலைக் காசில்லாமல் பயன்படுத்தும் சலுகை. ஆனால் பதில்கள் திருந்தினால் முதலில் பிழைப்பது நம் செயலிதான், அதனால் செய்கிறோம். எங்கள் தாளில் தேயிலைத் தோட்டக் கேள்விகள்தான் நிறைய. கேகாலை, களுத்துறைப் பக்கத்து றப்பர் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் யாராவது சேர்ந்தால் நல்லது.