விலாச எழுத்தும் புள்ளியும்

கேள்வி: எங்கள் நகரத்தார் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் நாலைந்து எழுத்தில் விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள், இருக்கிறது. வெள்ளைக்காரனைப் பார்த்து வைத்துக்கொண்ட பட்டப்பெயர்தானே இது? மகனின் பாஸ்போர்ட்டுக்கு இதையெல்லாம் வெட்டிவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வெள்ளைக்காரனிடம் வாங்கியது என்றால், கல்யாணப் பத்திரிகையில் 'பழ. கரு. ராம.' என்று தமிழில் அச்சடிக்கிறோமே, அது யாரிடம் வாங்கியது? விலாசத்துக்கான காரணம் நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. மூத்த பேரனுக்கு அப்பச்சியை (தகப்பனாரை) பெற்ற ஐயாவின் பெயர் வைப்பது வழக்கம். அதனால் ஒரே ஊரில் பல முத்தையா, பல சிதம்பரம். அந்தக் காலத்தில் கடல் கடந்து தொழில் செய்தபோது, எந்தச் சிதம்பரம் எழுதிய உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) என்று தெரியாமல் ரங்கூனிலோ பினாங்கிலோ யார் பணம் கொடுத்திருப்பார்கள்?

பெயரை ஒட்டி நிற்கும் எழுத்து அப்பச்சி. அதற்கு இடப்பக்கம் ஐயா. இப்படியே பின்னோக்கிப் படிக்க வேண்டும். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரைப் பாருங்கள்: முத்தையா, சிதம்பரம், முத்தையா, மறுபடி சிதம்பரம்.

கெடுவதெல்லாம் புள்ளியில்தான். 'சிடி' ஒரே ஆள், சிதம்பரம். 'ஆர்எம்' என்றால் ராமநாதன், 'பிஎல்' என்றால் பழனியப்பன், 'கேஆர்' என்றால் கருப்பன். ஏவி. மெய்யப்பன் தொடங்கிய ஏவி.எம்.மில் வரும் 'ஏவி'யும் அவர் தகப்பனார் ஆவிச்சி ஒருவரே. எழுத்துக்கு எழுத்து புள்ளி குத்தினால் இல்லாத பாட்டன் முளைத்துவிடுவார். 1926-ல் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்ன வழக்கு ஒன்று, ஆர்.எம்.கே.ஆர்.எம். என்ற கடையின் (தொழில் நிறுவனத்தின்) பெயரில் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. அதை 'ஆர்எம். கே. ஆர்எம்.' என்று பிரிப்பதா, 'ஆர்எம். கேஆர். எம்.' என்று பிரிப்பதா? அச்சைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆள் முடிகிற இடத்தில் மட்டும் புள்ளி வையுங்கள்.

பாஸ்போர்ட்டில் விலாச எழுத்துகளுக்கு இடமில்லை. விரித்துத்தான் எழுத வேண்டும். மகன் பெயர், அப்பச்சியின் முழுப்பெயர், இரண்டும் போதும். ஆனால் மெய்யப்பன் என்பதை மார்க் ஷீட்டில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைக்காதீர்கள்; அலைச்சல் அங்கேதான் தொடங்கும். கோயில் கணக்கிலும் பத்திரிகையிலும் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் ஓர் எழுத்தைக்கூட வெட்டாதீர்கள். இன்னார் இன்ன பங்காளி என்று காட்ட வேறு எது இருக்கிறது?

வீட்டில் யாராவது சுவீகாரம் (தத்து) போயிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். போன வீட்டு விலாசம்தான் இனி அவருக்கு, பெயரேகூட மாறலாம். சிறுகூடல்பட்டி முத்தையா சுவீகாரம் போய் நாராயணன் ஆனார், நாம் கண்ணதாசன் என்று அறிந்தவர். அப்படிப்பட்டவரின் பழைய சொத்துப் பத்திரங்களோடு சுவீகாரப் பத்திரத்தின் நகலையும் சேர்த்தே வையுங்கள்.