பாய்லர் மூடியைத் திறக்காமல் என்னென்ன செய்யலாம்? - கேள்வி பதில்

பிரிட்டனில் கேஸ் பாய்லர் (வெந்நீருக்கும், ரேடியேட்டர் வழியே வீட்டைச் சூடாக்கவும் கேஸில் தண்ணீர் காய்ச்சும் இயந்திரம்) உள்ள வீடுகளில் வசிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை, கோயம்புத்தூரிலிருந்தும் ஒன்று வந்தது. பதில் சொல்பவர் லண்டனில் வேலை செய்யும் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான சட்டப்படியான பதிவேடு) பதிவு பெற்ற பொறியாளர்.

கலா, ஹாரோ: அடுப்படிச் சுவரில் பாய்லர் அசிங்கமாகத் தெரிகிறது. அலமாரி அடித்து மூடிவிடலாமா அண்ணா? கீழே அரிசி மூட்டை வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

மூடலாம், ஆனால் முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். இப்போது மாட்டும் பாய்லர்கள் பெரும்பாலும் அறைக் காற்றைத் தொடுவதே இல்லை. குழாய்க்குள் குழாயாக ஒரு புகைக்குழல் (எங்கள் பேச்சில் ஃப்ளூ) சுவரைத் தாண்டி வெளியே போகும். அதன் வெளிவளையம் வழியே காற்று வரும், உள்குழாய் வழியே புகை போகும். இந்த வகை அலமாரிக்குள் இருக்கலாம். நாலு பக்கமும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், அதைத் தச்சரிடம் காட்டுங்கள். நான் வந்தால் முன்மூடியைக் கழற்ற இடம் வேண்டும். அரிசி மூட்டை வேறு இடத்துக்குப் போகட்டும்.

அறைக் காற்றை இழுத்து எரியும் பழைய வகை என்றால் கதை வேறு. அதற்காகச் சுவரில் காற்றுத் துளை விட்டிருப்பார்கள். குளிர் வருகிறது என்று அதில் துணியைத் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தற்கொலைக்குச் சமம். தாளிக்கும் புகை போக வைக்கும் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனும் இந்த வகைக்கு ஆகாது. அது இழுக்கும் இழுப்பில் பாய்லர் புகை வெளியே போகாமல் அறைக்குள் திரும்பிவிடும். அதனால்தான் சோதனை செய்யும்போது ஃபேனைப் போட்டுவிட்டுப் பார்க்கிறோம்.

சிவா, ஈஸ்ட் ஹாம்: தெரிந்தவர் ஒருவர் பாதி விலையில் புது காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமல் குழாயைத் திறந்ததும் வெந்நீர் காய்ச்சும் வகை) மாட்டித் தருவதாகச் சொல்கிறார். ஊர்க்காரர், நல்ல கைவேலை. கொடுக்கலாமா?

அவரிடம் கேஸ் சேஃப் அட்டையைக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அதுவே பதில். 2009 ஏப்ரலில் பழைய கோர்கி பதிவு போய் இது வந்தது. இன்னும் கோர்கி என்று சொல்லிக்கொண்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும். அடுப்பு மட்டும் மாட்டத் தகுதி உள்ளவர் பாய்லரைத் தொடக்கூடாது. பதிவில்லாமல் கூலிக்கு கேஸ் வேலை செய்வது சட்டப்படி குற்றம்.

பாதி விலை எங்கிருந்து வருகிறது என்றும் யோசியுங்கள். காம்பி பாய்லர் குளியலுக்கு வெந்நீர் கொடுக்கும்போது கேஸை மொத்தமாகக் குடிக்கும். பழைய 15 மி.மீ. குழாய் பல வீடுகளில் அதற்குப் போதாது, மீட்டரிலிருந்து 22 மி.மீ. இழுக்க வேண்டியிருக்கும். மீட்டருக்கும் பாய்லருக்கும் நடுவே அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் குறையக்கூடாது. மலிவாகச் செய்பவர் பழைய குழாயிலேயே சொருகிவிடுவார். ரேடியேட்டர்களில் தேங்கிய கறுப்புச் சேற்றைக் கழுவ மாட்டார், துருத் தடுப்பு மருந்து ஊற்ற மாட்டார், காந்த வடிகட்டி வைக்க மாட்டார். இரண்டு குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் வெப்பமாற்றி அடைத்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் இங்கிலாந்து, வேல்ஸில் 30 நாளுக்குள் கட்டட விதிப்படி தகவல் கொடுக்க வேண்டும். அதற்கு வரும் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். வீட்டை விற்கும்போது வக்கீல் முதலில் கேட்பதில் அதுவும் ஒன்று.

பிரியா, குரோய்டன்: பிரஷர் முள் வாரம் ஒருமுறை சைபருக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் நிரப்பி நிரப்பி அலுத்துவிட்டது.

ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் இருந்தால் சரி. நிரப்புவது நீங்களே செய்யலாம். முள் ஏறியதும் இரண்டு வால்வையும் இறுக மூடிவிட்டு ஃபில்லிங் லூப்பை (தண்ணீர் நிரப்பும் இணைப்புக் குழாயை) கழற்றுங்கள். ஆனால் வாரா வாரம் என்றால் தண்ணீர் எங்கோ போகிறது. சூடேறும்போது முள் 3 பார் வரை பாய்ந்து, ஆறியதும் சரிந்தால் எக்ஸ்பான்ஷன் வெசலில் (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் காற்றுக் கலம்) காற்றுப் போயிருக்கும். அழுத்தம் மிஞ்சினால் தண்ணீர் வெளியேற வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செப்புக் குழாய் சொட்டுகிறதா பாருங்கள். முள் அதிகம் ஆடாமல் மெல்ல மெல்ல இறங்கினால் ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் கை வைத்து ஈரம் தேடுங்கள். புதுத் தண்ணீர் சேரச் சேர ரேடியேட்டர் உள்ளே துரு பிடிக்கும், அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

முரளி, பர்மிங்காம்: கடும் குளிரில் பாய்லர் களக் களக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது.

கண்டன்சேட் குழாய் (புகை குளிர்ந்து வடியும் தண்ணீர் போகும் குழாய்) உறைந்திருக்கும். வெளியே ஓடும் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்தான் அது. வெதுவெதுப்பான நீரை அதன்மேல் ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம், குழாய் வெடிக்கும். ஐஸ் உருகியதும் ரீசெட் பொத்தான். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் வெளியே போகும் பகுதியை 32 மி.மீ. ஆக்கி, நன்றாகச் சரித்து, மேலே உறை சுற்றச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், லெஸ்டர்: வாடகை வீடு. ஓனர் இரண்டு வருடமாக யாரையும் அனுப்பவில்லை. காலையில் எல்லோருக்கும் தலைவலி, வேலைக்குப் போனால் சரியாகிவிடுகிறது.

இதை முதலில் படித்திருக்க வேண்டும். பாய்லரை உடனே நிறுத்துங்கள், ஜன்னல்களைத் திறங்கள், எல்லோரும் வெளியே வந்து 0800 111 999 எண்ணை அழையுங்கள். காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். டாக்டரிடம் கார்பன் மோனாக்சைடு (கேஸ் அரைகுறையாக எரியும்போது வரும் விஷ வாயு) சந்தேகம் என்று வாய்திறந்து சொல்லி, ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வீட்டில் இருந்தால் தலைவலி, வெளியே போனால் இல்லை என்பது அந்த வாயுவின் அடையாளம். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. நமக்குத் தெரியும் அந்த கேஸ் நாற்றம் கசிவைக் காட்டச் சேர்த்த மணம், இதற்கு அது வராது. நாற்றம் வந்தாலும் இதே எண்தான், ஆனால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள்.

ஓனர் 12 மாதத்துக்கு ஒருமுறை சோதனை செய்ய வைத்து, அந்தச் சான்றிதழின் நகலை 28 நாளுக்குள் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அவர் பொறுப்பு. பாய்லரிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும், கூரையில் என்றால் சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி. செய்யாவிட்டால் ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிகியூட்டிவுக்கும் (பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு) கவுன்சிலுக்கும் எழுதுங்கள்.

ரமேஷ், கோயம்புத்தூர்: எங்களுக்கு பாய்லர் இல்லை, பாத்ரூமுக்குள் சிலிண்டர் வைத்த கேஸ் கீசர்தான். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

இன்னும் அதிகமாகப் பொருந்தும். புகைக்குழல் இல்லாத கீசர், சாத்திய கதவு, சின்ன அறை. பத்து நிமிடத்தில் ஆள் மயங்கலாம். கீசரையும் சிலிண்டரையும் காற்றோட்டமான வெளிப்பக்கத்துக்கு மாற்றி, குழாயில் வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள். மாற்றும்வரை வாளியில் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டுக் குளியுங்கள்.

கலா, மறுபடி: புகைக்குழலிலிருந்து வெள்ளையாக ஆவி வருகிறது. பக்கத்து வீட்டம்மா திட்டுகிறார்.

அது பெரும்பாலும் நீராவி. கண்டன்சிங் பாய்லர் (புகையின் சூட்டையும் விடாமல் எடுத்துக்கொள்ளும் வகை) என்றால் குளிரில் அப்படித்தான். அவர் ஜன்னல் பக்கம் போகிறதென்றால் ஆவியைத் திருப்பிவிட ப்ளூம் கிட் இருக்கிறது, அடுத்த சர்வீஸில் மாட்டிக்கொள்ளலாம்.