நாட்டின் அமைப்புகள் சரியில்லை என்றால் அந்நிய முதலீடு ஏன் தயங்குகிறது?

நீதிமன்றம், வரித்துறை, பதிவுத்துறை போன்றவை எழுதி வைத்த விதிப்படி, ஆள் பார்க்காமல் நடப்பதுதான் அமைப்புகளின் தரம். தொழிற்சாலையில் போட்ட பணத்தை நினைத்த நேரத்தில் எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. அதனால் இன்றைய விதி பத்து வருடம் கழித்தும் நிற்குமா என்றுதான் முதலீட்டாளர் பார்ப்பார். அட்வான்ஸ் கொடுத்து, கைக்காசு போட்டுக் கடையைச் சீரமைத்த பிறகு ஓனர் ஒப்பந்தத்தை மாற்றினால் எப்படி இருக்கும்?

இந்தியாவிலேயே இது நடந்தது. 2007-இல் ஹாங்காங் நிறுவனமான ஹட்சிசனின் இந்திய மொபைல் தொழிலைப் பிரிட்டிஷ் நிறுவனமான வோடஃபோன் வாங்கியதற்கு இங்கே வரி கிடையாது என்று 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சில மாதங்களிலேயே, இப்படிப்பட்ட விற்பனைக்கும் வரி உண்டு என்று, 1962 முதல் செல்லும்படி சட்டமே திருத்தப்பட்டது. 2021-இல்தான் அரசு அதைக் கைவிட்டது. வரித்தொகையைவிட, முடிந்த கணக்கை மறுபடி திறந்ததுதான் பெரிய சேதம் என்பேன்.

வரிச்சலுகையை அள்ளிக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சலுகையே நாளைக்கு நிற்குமா என்று தெரியாவிட்டால், அதை நம்பி ஆலை கட்டத் தயங்கத்தான் செய்வார்கள்.