நாயும் பூனையும் உள்ள வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்க முடியுமா?

வீட்டில் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன, கொல்லையில் ஐந்தாறு நாட்டுக்கோழி வளர்க்க ஆசை, சரிப்பட்டு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வளர்க்கலாம். எங்கள் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் மூன்றும் ஒரே வாசலில் திரிவது சாதாரணம். ஆனால் நாயைப் பழக்குவதெல்லாம் நீங்கள் அருகில் நிற்கும் நேரத்துக்குத்தான். நீங்கள் கடைக்குப் போயிருக்கும்போதும் இரவிலும் கோழியைக் காப்பாற்ற வேண்டியது கம்பிவலை.

பலர் பூனையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். வளர்ந்த கோழியிடம் வீட்டுப் பூனை பெரும்பாலும் வம்புக்குப் போகாது. தாய்க்கோழி கழுத்து மயிரைச் சிலிர்த்து, இறக்கையை விரித்துத் தரையோடு தரையாகப் பாய்ந்து வருவதை ஒருமுறை பார்த்துவிட்ட பூனை, அதற்குப் பிறகு சுற்றிக்கொண்டுதான் போகும். பெரிய ஆபத்து நாய். பசியே இல்லாவிட்டாலும், ஓடுகிற எதையும் துரத்துவது அதன் இயல்பு. சிப்பிப்பாறை, கன்னி என்ற நம் நாட்டு நாய் இனங்கள் முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்டவை. கோழி விஷயத்தில் அவற்றை நம்பி நான் எதையும் விடமாட்டேன். இளம் நாய் விளையாட்டாகக் கவ்வி ஓர் உதறு உதறினாலே கோழி செத்துவிடும். தனியாகச் சாதுவாக இருக்கிற நாயும், தெருநாய்களோடு சேர்ந்துவிட்டால் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

பழக்குவதற்கு அவசரப்படாதீர்கள். கோழிகளைக் கூண்டில் அடைத்துவிட்டு, நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்காருங்கள். காதை முன்னால் நீட்டி, வாயை மூடி, உடம்பை விறைத்துக்கொண்டு கோழியையே வெறித்துப் பார்க்கிறதா? பாய்வதற்குக் குறி வைக்கிறது என்று அர்த்தம். உடனே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் பக்கம் திரும்பிய நொடியில் அதற்குப் பிடித்த தீனியில் ஒரு துண்டு கொடுங்கள். கோழி படபடவென்று சிறகடித்தாலும் கண்டுகொள்ளாமல் படுத்துக் கிடக்கும் நிலை வரும்வரை தினமும் கொஞ்ச நேரம் இதைச் செய்ய வேண்டும். வாரக்கணக்கில் ஆகலாம், சில நாய்களுக்கு அந்த நிலை வராமலே போகலாம். அதற்காக நாயை அடிக்காதீர்கள். செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டித் தொங்கவிடச் சொல்பவர்களும் உண்டு. அது வெறும் கொடுமை. பழகாத நாயும் கோழியும் சந்திக்கவே முடியாதபடி நடுவில் வேலி போட்டுவிடுங்கள்.

இதில் யாரும் கவனிக்காதது சோற்றுத்தட்டு. நாய் தின்றுகொண்டிருக்கும்போதே கோழி வந்து அதன் மூக்குக்குக் கீழே தலையை நீட்டிக் கொத்தும். கோழியை ஏறெடுத்தும் பார்க்காத நாய்கூட அந்த நேரத்தில் வெடுக்கென்று கடித்துவிடலாம். நாய்க்கும் பூனைக்கும் கோழி எட்டாத இடத்தில் சாப்பாடு வையுங்கள். தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள்.

குஞ்சுகள் பெரிதாகும்வரை பூனையை நம்பவே கூடாது. பகலில் தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்தில், அதாவது கோழி மூடும் பெரிய கூடையில், கவிழ்த்து, மேலே ஒரு கனமான கல்லை வையுங்கள். கல் இல்லாவிட்டால் நாய் மூக்காலேயே புரட்டிவிடும். இரவுக்குப் பஞ்சாரம் போதாது. கீரி, மரநாய், பாம்பு எல்லாம் வரும். அரை அங்குலக் கண்ணுள்ள, வெல்டிங் செய்த கம்பிவலையில் கூண்டு அடியுங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் பல்லை வைத்தால் கிழிந்துவிடும். வலையின் அடிப்பகுதியை ஓரடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துப் பரப்பி, மேலே செங்கல் அடுக்கினால் எதுவும் தோண்டி உள்ளே வர முடியாது. இருட்டும் நேரத்தில் கோழிகள் தாமாகவே அடைய வந்துவிடும். எண்ணிப் பார்த்துக் கதவைப் பூட்டுவதுதான் உங்கள் வேலை.

பூனை வாயிலிருந்து மீட்ட குஞ்சு நன்றாக நடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். இறகுக்கு அடியில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளைதான் இருக்கும். ஆனால் பூனையின் வாயில் உள்ள பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா அதன் வழியாக ரத்தத்தில் கலந்தால், ஓரிரு நாளில் குஞ்சு செத்துவிடக்கூடும். மஞ்சள் தடவினால் போதாது. அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும் தெள்ளு, நாய்க்கும் பூனைக்கும் பரவும். மூன்றுக்கும் ஒரே மருந்தைப் போட்டுவிடக் கூடாது. நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும். கோழித் தீவனத்துக்கு எலி வரும். எலிமருந்து மட்டும் வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைப் பூனையோ நாயோ தின்றால் அதற்கும் விஷமேறும். தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள், சிந்தியதை அன்றாடம் கூட்டி அள்ளுங்கள்.

கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் ஒன்றைக்கூட நாய், பூனைக்குப் போடாதீர்கள். பறவைக் காய்ச்சல் பூனைக்கும் தொற்றும். 2023இல் போலந்தில் வீட்டுப் பூனைகள் பல அதனால் செத்தன. கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர் வரும்வரை நாயையும் பூனையையும் வீட்டுக்குள் அடைத்து வையுங்கள்.