தேக்கு வாங்கணுமா, தோட்டத்து வாகை போதுமா?

தாராபுரம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தோட்டத்தில் பழைய வாகை ஒன்றும் வேம்பு ஒன்றும் காற்றில் சாய்ந்துவிட்டனங்க. தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். கட்டில், சாப்பாட்டு மேசை, பீரோ செய்ய இதுவே போதுமா? ஆசாரி தேக்குதான் வேணும் என்கிறார்."

கட்டிலுக்கும் மேசைக்கும் தாராளமாகப் போதும். பீரோ கதவுக்கு மட்டும் தேக்கு வாங்குங்கள். மழைக்கு உப்புவதும் வெயிலுக்குச் சுருங்குவதும் தேக்கில் குறைவு என்பதால் கதவு இறுக்கிக்கொள்ளாது. ஆசாரி சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

ஆனால் தேக்கு என்ற பெயருக்காகப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். பொன்பழுப்பாக இருப்பது வைரம். அதைச் சுற்றி வெளிறிக் கிடப்பது வெள்ளை. இளந்தேக்கில் இந்த வெள்ளை நிறையவே வரும். மாவுச்சத்து அதில்தான் இருக்கிறது, வண்டும் அதைத்தான் துளைக்கும். பீரோ அடியில் மாவு மாதிரி கொட்டிக் கிடந்தால் அங்கே வெள்ளை இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளை கலந்த தேக்கைவிட வைரம் பாய்ந்த வாகை எவ்வளவோ மேல்.

வாகை வைரம் நல்ல அடர்பழுப்பு, பாலிஷ் ஏறினால் மேசைக்கு அத்தனை அழகு. ஒரே தொல்லை, அறுக்கும்போதும் இழைக்கும்போதும் அதன் தூள் தும்மலைக் கிளப்பும். உங்கள் ஆசாரி வாகையைத் தட்டிக்கழிப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்! மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். வேம்பு அகலப் பலகையானால் முறுக்கிக்கொள்ளும். கட்டில் சட்டத்துக்கும் காலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வேம்பில் பூச்சியே வராது என்பார்கள். வைரத்தைப் பொறுத்தவரை சரி, அதன் வெள்ளையை நம்ப வேண்டாம்.

அப்புறம், காய வைப்பது. பாதி வேலை இதில்தான் கெடுகிறது. மரத்தை உடனே மில்லுக்குக் கொண்டுபோய் 1 அங்குலம், ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுத்துவிடுங்கள். கால் கட்டை 3 அங்குலம் கனமாக இருந்தால் தைக்குள் காயாது; ஒன்றரை அங்குலப் பலகை இரண்டை ஒட்டிக் காலாக்கச் சொல்லுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கிற காற்று பலகையின் முனையை முதலில் உலர்த்தும், அங்கிருந்துதான் வெடிப்பு ஓடும். அறுத்த அன்றே முனைகளில் பெயிண்ட் அடித்துவிடுங்கள். வெயில் படாத கொட்டகையில், பலகைகளுக்கு நடுவே 2 அடிக்கு ஒரு ரீப்பர் குச்சி (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்குங்கள். குச்சிகள் மேலுக்கு மேல் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை வளையும். உச்சியில் நாலு கல்லைப் பாரம் ஏற்றுங்கள்.

காய்ந்ததா என்று தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையை எடுத்து வாரம் ஒரு முறை எடை போடுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. வாங்குகிற தேக்கும் கேரளப் பக்கத்து ஈரக்காற்றில் கிடந்ததாக இருக்கலாம். அதையும் சில வாரம் உங்கள் வீட்டிலேயே போட்டு வைத்துவிட்டுத்தான் உளி வைக்க வேண்டும்.

மேசைப் பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டவிடாதீர்கள். ஸ்க்ரூ துளையை அகலவாக்கில் கொஞ்சம் நீட்டமாகப் போட்டால் பலகை சுருங்கவும் விரியவும் இடம் கிடைக்கும், நடுவில் பிளக்காது. பீரோவின் முதுகுக்கும் உள்தட்டுக்கும் பிளைவுட் போதும்.