பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லைதானே?

மார்பகப் பரிசோதனை பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கதிரியக்க மருத்துவர் ஒருவரின் பதில்கள்

*எனக்கு வயது 44. கட்டியோ வலியோ இல்லை. முகாம் ஒன்றில் மேமோகிராம் எடுத்தேன். ‘அடர்த்தி சி, பைராட்ஸ் 0’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்கிறார் என் கணவர். மருத்துவரோ அல்ட்ராசவுண்டும் எடுக்கச் சொல்கிறார். ஒரே இடத்துக்கு எதற்கு இரண்டு ஸ்கேன்?*
— வாசகி, கரூர்

உங்கள் கணவர் கணக்கில் கெட்டிக்காரராக இருக்கலாம். இந்தப் பூஜ்யம் வேறு. பைராட்ஸ் என்பது மார்பகப் படங்களின் முடிவைச் சொல்ல அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி வகுத்த எண் வரிசை. அதில் 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் தீங்கற்றது. 0 என்று எழுதும்போது, ‘இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, வேறு படமோ உங்கள் பழைய படமோ வேண்டும்’ என்கிறோம். பயந்துவிடாதீர்கள். 0 வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசியில் புற்றுநோய் இருப்பதில்லை.

பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே ‘சி’, பல நேரங்களில் சிக்கலே அதுதான். மேமோகிராம் என்பது மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரேதான். அதில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். பால் சுரப்பியும் நார்த்திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. கொழுப்பு மிகுந்த மார்பகத்தை ‘ஏ’ என்றும், திசு மிக நெருக்கமாக நிறைந்ததை ‘டி’ என்றும் குறிப்போம். சி, டி வகைகளில் கட்டியைத் தேடுவது பஞ்சுப் பொதிக்குள் பஞ்சு உருண்டையைத் தேடுவதுதான். இந்த அடர்த்தி நோயல்ல, உங்கள் வயதில் மிகச் சாதாரணம். தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அல்ட்ராசவுண்டில் அந்த வெண்திசுவுக்கு நடுவே கட்டி பெரும்பாலும் கறுப்பாகத் தெரியும். நீர்க்கட்டியா, திடக்கட்டியா என்பதையும் அதில் பிரித்துப் பார்க்கலாம். அப்படியானால் அது மட்டும் போதாதா என்பீர்கள். போதாது. பால் நாளத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் ஆரம்பநிலைப் புற்று, பல நேரங்களில் மிக நுண்ணிய கால்சியப் புள்ளிகளாக மட்டுமே தன்னைக் காட்டும். மேமோகிராமில் பளிச்சென்று தெரியும் அந்தப் புள்ளிகள் அல்ட்ராசவுண்டில் எளிதில் தப்பிவிடும். ஒன்று காணாததை மற்றது காண்கிறது. காசு பறிக்கும் வேலை இல்லை இது.

போகும்போது மேமோகிராம் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் நீட்டுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

*வயது 26. மார்பில் கட்டி. மேமோகிராம் கேட்டேன், அல்ட்ராசவுண்ட் மட்டும் செய்து அனுப்பிவிட்டார்கள்.*
— வாசகி, தேனி

சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். 30 வயதுக்குக் கீழ் முதலில் அல்ட்ராசவுண்ட்தான். உங்கள் வயதில் பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கற்ற கட்டியாக இருக்கும். ஆனாலும் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

*என் மனைவிக்கு 53 வயது. மேமோகிராமில் அழுத்துவதால் கட்டி உடைந்து பரவும், கதிர்வீச்சும் ஆபத்து என்று மறுக்கிறார்.*
— வாசகர், விருதுநகர்

பரவாது. வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். சிலருக்கு நன்றாகவே வலிக்கும். ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு வீதம் நான்கு படங்கள், ஒவ்வொன்றுக்கும் சில விநாடிகள், அவ்வளவுதான். அழுத்தும்போது திசு விரிகிறது. ஒன்றை ஒன்று மறைப்பதில்லை, படம் அசைவதில்லை, கதிர்வீச்சும் குறைவாகவே போதுமானதாகிறது. அதாவது, அவர் அஞ்சும் கதிர்வீச்சைக் குறைப்பதே அவர் அஞ்சும் அந்த அழுத்தம்தான்! மொத்த அளவு சுமார் 0.4 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஏழு வாரங்களில் நம் எல்லோருக்கும் தானாக வந்து சேர்வது ஏறத்தாழ இவ்வளவுதான்.

அன்று அக்குளில் பவுடர், டியோடரன்ட் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவற்றின் துகள்கள் படத்தில் கால்சியப் புள்ளிகளைப் போலவே விழும்.

*அம்மாவுக்கு மார்பில் கட்டி தட்டுப்படுகிறது. தொடாமல், கதிர்வீச்சு இல்லாமல் வெப்பப் படம் எடுக்கும் முகாமில் ‘நார்மல்’ என்றார்கள். நிம்மதியாக இருக்கலாமா?*
— வாசகி, சென்னை

கூடாது. தெர்மோகிராஃபி தோலின் வெப்பத்தைத்தான் அளக்கிறது. மேமோகிராமுக்கு அது மாற்றல்ல என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019இலும் எச்சரித்தது. இன்னொன்று: கையில் கட்டி தட்டுப்படும்போது மேமோகிராமே ‘நார்மல்’ என்றாலும் விடக்கூடாது. இந்த வாரமே அம்மாவை அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

*எம்.ஆர்.ஐ.தான் எல்லாவற்றையும்விடத் துல்லியம் என்கிறார்கள். நேராக அதையே எடுத்துக்கொள்ளலாமா?*
— வாசகி, திருச்சி

அதன் கண்ணுக்குத் தப்புவது குறைவு என்பது உண்மை. தீங்கற்றவற்றையும் சந்தேகப்பட வைத்து, தேவையில்லாத ஊசிப் பரிசோதனைக்கு இழுத்துவிடும் என்பதும் உண்மை. மார்பகப் புற்று வரும் வாய்ப்பை மிகவும் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அது அவசியம். அதுவும் வழக்கமாக மேமோகிராமோடு சேர்த்துத்தான். காடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றுவோம் என்பதால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவசரம் இல்லையென்றால், மாதவிடாய் தொடங்கிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் தேதி வாங்குங்கள். அந்த நாட்களில்தான் படம் தெளிவாக வரும்.